தம்பிக்கு வாங்கிய கையுறை

பார்சல் அலுவலகத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாக மூட்டைகளை நிறுத்துக் காலங் கழித்து வருகிறோம். எந்தப் பொருளைக் கண்டாலும், இது எத்தனை கிலோ இருக்கும் என்று மனம் முந்திக்கொண்டு கணக்கிடுவது இத்தொழிலின் வியாதி. திருமண வீட்டில் தாம்பூலப் பையைக் கையில் வாங்கியதும் அதன் எடையை வாய்விட்டுச் சொல்லி, இல்லாளிடம் வசவு வாங்கியதும் உண்டு. அத்தகைய நமக்கே, கதகதப்புக்கும் ஓர் எடை உண்டு என்பது முப்பத்தாறாம் வயதில்தான் விளங்கிற்று. அது விளங்கிய வரலாற்றை நம் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

நம் இல்லாளுக்குத் தம்பி ஒருவன் உண்டு. வேலூர்ப் பக்கத்தில் பிறந்தவன். அப்பக்கத்து ஊர்களில் பட்டாளத்துக்குப் போவது பரம்பரை வழக்கம். கம்மவான்பேட்டை என்னும் ஊரை இராணுவப்பேட்டை என்றே சுற்றுவட்டாரத்தார் அழைப்பர். இவனும் பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு படையில் சேர்ந்து, இங்கே அல்சூர் ஏரிக்கு அருகிலுள்ள மதராஸ் பொறியாளர் படை மையத்தில் பயிற்சி பெற்றான். 1780-இல் சென்னையில் தோன்றிய அப்படையின் வீரர்களுக்குத் 'தம்பி' என்பதே இன்றளவும் செல்லப்பெயர். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே வர அனுமதி கிடைத்தால் நம் வீட்டில்தான் சாப்பாடு. இங்கே அக்காள் 'தம்பி' என்பாள். அங்கே மேலதிகாரியும் 'தம்பி' என்பார். "எனக்குப் பெயர் வைத்ததே வீண், மாமா" என்று சொல்லிச் சிரிப்பான்.

மூன்றாண்டுகளுக்கு முன், ஐப்பசி மாதத்தில், அவனுக்குச் சியாச்சின் செல்ல உத்தரவு வந்தது. அன்றிரவு நம் வீட்டில் எவரும் சரியாக உண்ணவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. 1984 ஏப்ரல் 13 அன்று 'மேகதூத்' நடவடிக்கையால் நம் படையினர் அப்பனியாற்றின் உச்சிகளில் காலூன்றிய நாள் முதல், அங்கே பகைவனைவிடக் குளிரும் பனிச்சரிவும் கொண்ட உயிர்களே மிகுதி. 2016 பிப்ரவரி 3 அன்று, 19,600 அடி உயரத்திலுள்ள சோனம் காவல்நிலையின்மேல் பனிமலை சரிந்து, 19-ஆம் மதராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த பத்துப் பேரை மூடிற்று. அவர்களுள் நால்வர் தமிழ்நாட்டவர், மூவர் கர்நாடகத்தவர். ஆறாம் நாள், தார்வாட் மாவட்டத்துப் பெட்டதூரைச் சேர்ந்த ஹனுமந்தப்பா கொப்பத் மட்டும் உயிரோடு மீட்கப்பட்டார். அச்செய்தி வந்தபோது நம் நிலையத்துத் தேநீர்க் கடைமுன் கன்னடத்தாரும் தமிழரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு தொலைக்காட்சிப் பெட்டியைப் பார்த்தபடி நின்றனர். சுமைக்கூலிகள் வண்டியை மறந்தனர். பிப்ரவரி 11 அன்று டில்லி இராணுவ மருத்துவமனையில் அவர் மறைந்தார். அக்காட்சியை மறவாத நம் இல்லாளுக்குத் தம்பியின் உத்தரவு எப்படியிருந்திருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

அவளால் சும்மா இருக்க இயலவில்லை. கம்பளிக் குல்லாய் ஒன்று பின்னினாள். அதுவும் போதாதென்று, மின்சாரத்தால் சூடாகும் கையுறைகள் விற்கின்றனவாம் என்று எங்கோ கேட்டு வந்தாள். மோட்டார் சைக்கிளில் லடாக் செல்லும் இளைஞர்களுக்குச் சாமான் விற்கும் கடை ஒன்று நகரின் நடுவில் உண்டு. அங்கே போனோம். துணிக்குள்ளே தலைமயிர்போல் மெல்லிய கம்பிகள். மணிக்கட்டருகே சிறு பையில் மின்கலம். பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கு. கடைக்காரர் அதை நம் கையில் மாட்டிவிட்டார். ஐப்பசி மாதத்துப் பெங்களூரில் இரண்டே நிமிடத்தில் உள்ளங்கை வியர்த்தது. "ஆறு மணி நேரம் சூடு நிற்கும்" என்றார். விலை எண்ணாயிரம். சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தோம். மறுநாள் பழக்க தோஷத்தால் அலுவலகத் தராசில் வைத்துப் பார்த்தோம். கையுறை இணையும் மின்கலங்களும் சேர்ந்து 640 கிராம். குல்லாய் 90 கிராம்.

கர்நாடகா எக்ஸ்பிரஸில் அவனை ஏற்றிவிடும்போது அக்காள் அதைக் கையில் திணித்தாள். "அரசாங்கம் எல்லாம் கொடுக்கும், அக்கா" என்றான்; ஆனாலும் வாங்கிக்கொண்டான்.

அரசாங்கம் கொடுப்பது உண்மையே. ஆனால் அவ்வுடைகளுள் பெரும்பகுதி நெடுங்காலம் வெளிநாட்டிலிருந்தே வந்தது. 2020 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை, உயர்மலைப் படையினருக்கான பனிக்கண்ணாடி, பாதணி முதலியவற்றில் நேர்ந்த பற்றாக்குறையைக் குறித்திருந்தது. 2021 டிசம்பர் 27 அன்றுதான், நம் பாதுகாப்பு ஆராய்ச்சி வளர்ச்சி நிறுவனம் தான் வகுத்த மூன்றடுக்குக் குளிருடையின் செய்முறையை ஐந்து இந்தியக் கம்பெனிகளுக்கு வழங்கிற்று. பூச்சியத்துக்குமேல் 15 டிகிரி முதல், கீழே 50 டிகிரி வரை, அடுக்கைக் கூட்டியும் குறைத்தும் அணியத் தக்கது அது. அதன் பின்னர், 60 டிகிரி உறைகுளிருக்கும் ஈடுகொடுக்கும் 'ஹிம்கவச்' என்ற அடுக்காடை சோதனைகளில் தேறியதாக 2025 ஜனவரியில் செய்தி வந்தது.

தம்பி சென்ற பிறகு தை மாதம் வரை கிடைத்த தொலைபேசிப் பேச்சுகளில், கையுறை எப்படி என்று கேட்டால், "நன்றாயிருக்கிறது" என்பான். சித்திரையில் விடுப்பில் வந்தான். இலை போட்டு, சோறு வைத்து, வத்தக்குழம்பு ஊற்றினாள் அக்காள். அவன் பிசைந்து உண்ணத் தொடங்கினான். வலக்கை ஆள்காட்டி விரலின் நுனி இல்லை. நகம் இருந்த இடத்தில் வழுவழுப்பாக ஒரு தழும்பு. அதை மடக்கி மறைத்துக்கொண்டு மற்ற விரல்களால் சோற்றைக் கூட்டினான். நாம் பார்த்தோம், அவளும் பார்த்தாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. மறுசோறு வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனவள் நெடுநேரம் வெளியே வரவில்லை.

இரவு மொட்டைமாடியில் அவன் நம்மிடம் சொன்னான். மேலே போகுமுன் அடிமுகாமில் இருந்தபோது, ஒரு விடியற்காலையில், கொட்டகையின் இரும்புத் திருகு ஒன்றை முடுக்க வேண்டியிருந்தது. அக்காள் கொடுத்தது என்ற பாசத்தால், படையில் கொடுத்த கனத்த கையுறைகளை விட்டுவிட்டு இதை மாட்டிக்கொண்டு போனான். ஆறு மணி நேரம் என்ற சூடு முக்கால் மணியில் அணைந்தது. மின்கம்பியை நம்பிப் பஞ்சைக் குறைத்துத் தைத்த உறை அது. கம்பி குளிர்ந்ததும் வெறுந்துணியாயிற்று. விரல் மரத்தது. மரத்த விரலால் திருகு பிடிபடவில்லை. ஒரு நிமிடம்தானே என்று உறையைக் கழற்றினான். இரும்பு அவன் தோலைப் பற்றிக்கொண்டது.

"அக்காவிடம் திருகைத்தான் சொல்ல வேண்டும், கையுறையைச் சொல்லக் கூடாது, மாமா" என்றான். ஆனால் அவளே சில நாட்களில் அவனிடமிருந்து எல்லாவற்றையும் கேட்டறிந்துவிட்டாள். இதை எழுதலாமா என்று கேட்டபோது, "எழுதுங்கள். நம்மைப்போல் இன்னொருத்தி வாங்கிக் கொடுத்துவிடக் கூடாது" என்றாள். ஆகவேதான் எழுதுகிறோம்.

நாம் படித்தது பத்தாம் வகுப்பு வரை. ஆயினும் அந்த விரல் நம்மை வார விடுமுறைகளில் கப்பன் பூங்கா நூலகத்துக்கு இழுத்துச் சென்றது. எங்கே தவறினோம் என்று அறியவேண்டியிருந்தது.

முதலில் அறிந்தது, ஆடை எதுவும் சூட்டை உண்டாக்குவதில்லை என்பது. அடுப்பு நம் உடம்புதான். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதனின் உடல் ஏறத்தாழ நூறு வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. பழைய குண்டு பல்பு ஒன்று எரிவது போல. சுமையோடு மலையேறினால் அது ஐந்து மடங்காகும். ஆடையின் இழைகளுக்கிடையே சிறைப்பட்ட காற்றே அச்சூட்டைக் காக்கிறது. 1941-இல் ஆராய்ச்சியாளர் மூவர் இதற்கு 'க்ளோ' என்று ஓர் அளவும் வகுத்தனர்: வீட்டுக்குள் சாதாரண மேல்நாட்டு உடையில் ஒருவர் குளிராமல் அமர்ந்திருக்கப் போதுமான காப்பு ஒரு க்ளோ. துருவக் குளிருக்கான கனத்த உடை நான்கு க்ளோ அளவினது. அதை அணிந்து சும்மா நின்றால் குளிரும். சுமை தூக்கி நடந்தாலோ வியர்க்கும். வியர்வை அக்காற்றறைகளை நனைத்துவிட்டால் காப்புப் போயிற்று. நின்றவுடன் அதுவே பனியாகும். ஏற்றம் ஏறுமுன்பே, குளிரக் குளிர மேலடுக்கைக் கழற்றிவிடுமாறு தங்களைப் பழக்கினார்கள் என்று தம்பி கூறினான். குளிர்நாட்டில் வியர்வைக்கு அஞ்சவேண்டும் என்பது நமக்குப் புதுமையாக இருந்தது.

விரலின் கதை வேறு. கோடையில் ஏரி வற்றும்போது ஊரார் என்ன செய்வர்? கடைமடைக்குப் போகும் மதகை அடைப்பர். உடலும் அதையே செய்கிறது. குளிர் மிஞ்சியதும் இருதயத்தையும் மூளையையும் காக்கும்பொருட்டுக் கை கால்களுக்குச் செல்லும் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. விரல்நுனி கடைமடை. அதோடு, விரல் மெல்லிய உருளை. அதன்மேல் எவ்வளவு பஞ்சைச் சுற்றினாலும் வெளிப்பரப்பும் கூடவே பெருகி வெப்பத்தை வெளியே விடுகிறது. பர்ட்டன், எட்ஹோம் என்னும் இருவர் 1955-இல் வெளியிட்ட குளிரும் மனிதனும் பற்றிய நூலில் இத்தகைய செய்திகள் விரிவாக உள்ளன. நான்கு விரல்களையும் ஒரே பையில் இடும் உறை, ஐவிரல் உறையைவிடக் கதகதப்பாயிருப்பதன் காரணம் இதுவே. ஆனால் அதை மாட்டிக்கொண்டு திருகு முடுக்க முடியுமா? துப்பாக்கி விசையைத் தொட முடியுமா? சிப்பாயின் விரல் வேலை செய்யவேண்டிய விரல். அதனால்தான் மின்சாரத்தை நாடுகிறார்கள்.

மின்சார ஆடை புதிதன்று. இரண்டாம் உலகப் போரில், 25,000 அடியில், 40 டிகிரி உறைகுளிரில் திறந்த சன்னலருகே நின்ற அமெரிக்கக் குண்டுவிமான வீரர்கள் அதை அணிந்தனர். இங்கிலாந்திலிருந்து பறந்த அவ்வீரர்களுள், பகைவரால் காயமுற்றோரைவிடக் குளிரால் புண்பட்டோரே அதிகமாக இருந்த காலமும் ஒன்று இருந்தது. முதலில் வந்த உடைகளில் கம்பிகளை ஒரே தொடராக இணைத்திருந்தார்கள். கார்த்திகைக்கும் தீபாவளிக்கும் நாம் கட்டும் பழைய சரவிளக்கில் ஒரு பல்பு போனால் சரம் முழுதும் இருண்டுவிடுமே, அது போல, ஓரிடத்தில் கம்பி அறுந்தால் உடை முழுதும் குளிர்ந்துபோகும். பின்னர் வந்தவற்றில் தனித்தனிக் கிளையாகப் பிரித்து இணைத்தனர். எவ்வாறாயினும் அவர்களுக்கு விமானமே மின்சாரம் கொடுத்தது, செருகினால் போதும்.

காலாட்படையினன் எதில் செருகுவான்? தன் மின்சாரத்தைத் தானே சுமக்க வேண்டும். இங்கேதான் நம் தராசு குறுக்கிடுகிறது. நல்ல லித்தியம் மின்கலம் ஒரு கிலோவில் ஏறத்தாழ இருநூறு வாட்-மணி சேமித்து வைக்கும். இரு கைக்கும் இரு காலுக்கும் ஐந்தைந்து வாட் என்று கொண்டால் இருபது வாட்; ஒரு கிலோ மின்கலம் பத்து மணி நேரம் வரும். கணக்கு அழகாயிருக்கிறது. ஆனால் அது பெங்களூர்க் கணக்கு. கடுங்குளிரில் மின்கலத்தின் உள்ளே வேதிவினை தளர்ந்து, பாதிகூடக் கைக்கு வாராது. அதனால் படையினர் மின்கலத்தைச் சட்டைக்குள்ளே மார்போடு வைத்துக் காப்பாற்றுகிறார்கள். நாம் வாங்கிய உறையிலோ அது மணிக்கட்டுக்கு வெளியே, காற்றுப்படும் இடத்தில் இருந்தது. அறிந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டோம். கடைக்காரரும் பொய் சொல்லவில்லை. அவர் கடையில் ஆறு மணி நேரம் எரிந்திருக்கும்.

கையைவிட்டு மார்பைச் சூடாக்கிப் பார்த்தவர்களும் உண்டு. கனடா நாட்டு இராணுவ ஆராய்ச்சியாளர்கள் 1990-களில் அவ்வாறு செய்தபோது, உடல் தன் மதகைத் தானே திறந்தது. வெறுங்கையிலும் விரல்கள் சூடாயிருந்தன. படித்தவுடன் நமக்கு உள்ளம் துள்ளிற்று. ஆனால் அதற்குக் கையை மட்டும் சூடாக்குவதைவிடப் பன்மடங்கு மின்சாரம் வேண்டும். மீண்டும் எடை.

இரயிலில் படுக்கை வகுப்பில் செல்பவருக்கு நாற்பது கிலோ வரை இலவசமாகக் கொண்டுசெல்லலாம் என்பது விதி. அவர் படுத்துக்கொண்டு போகிறார், சுமப்பது எஞ்சின். பதினெட்டாயிரம் அடியில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் பாதி. அங்கே நடப்பவனுக்கு எத்தனை கிலோ அனுமதிக்கலாம்? "மாமா, மேலே போனால் பாக்கெட்டில் இருக்கும் சாவிக்கொத்தையும் எண்ணிப் பார்ப்போம்" என்றான் தம்பி. நம் நிறுவனத்தார் 2021-இல் அறிவித்த 'ஹிம் தபக்' போன்ற, புகைநச்சு இல்லாத அடுப்பு கொட்டகைக்கு மிக நன்று. ஆனால் அதைக் கையோடு தூக்கிச் செல்லுதல் இயலாது.

பையப்பனஹள்ளியில் இறங்கிச் சிறிது தொலைவு போனால், சி. வி. இராமன் நகர்ப் பக்கத்தில், அந்நிறுவனத்தின் 'டெபெல்' என்னும் ஆய்வுக்கூடம் இருக்கிறது. 1982-இல் தொடங்கியது. விமானிகளின் உயிர்க்காப்புச் சாதனங்கள் அங்கே உருவாகின்றன. தேஜஸ் விமானத்தில், வெளிக்காற்றிலிருந்தே பிராணவாயுவைப் பிரித்து விமானிக்குத் தரும் அமைப்பை அவர்கள் 2025 மார்ச் 4 அன்று உயரத்தில் சோதித்து வெற்றி கண்டனர். வாயு உருளையைச் சுமப்பதற்குப் பதில் போகிற இடத்திலேயே அதை உண்டாக்கிக்கொள்வது! நம்மைப் போன்ற பார்சல்காரனுக்கு இதைவிட இனிய செய்தி வேறில்லை. அச்சாலையில் பேருந்தில் செல்லும்போதெல்லாம் அம்மதிலைப் பார்க்கிறோம். வெப்பத்துக்கும் அப்படி ஒரு வழியை எவரேனும் அங்கே எண்ணிக்கொண்டிருக்கக் கூடும் என்று தோன்றும்.

தம்பிக்கு இப்போது ஜெய்சல்மேர்ப் பக்கத்தில் பணி. பனியிலிருந்து மணலுக்கு! சோனம் துயரம் நேர்ந்த அதே 2016-இல், மே 19 அன்று, இராஜஸ்தானத்துப் பலோடியில் 51 டிகிரி வெயில் காய்ந்தது. மூன்றரை மாதத்துக்குள் ஒரே நாட்டுச் சிப்பாய்கள் இரண்டையும் தாங்கினார்கள்.

சென்ற பங்குனியில் அவன் பேசியபோது, குளிர்ச்சட்டை என்று ஒன்று விற்கிறார்களாமே, பனிக்கட்டி வைத்துக்கொள்ளும் பைகள் உள்ளதாம் என்று இல்லாள் ஆரம்பித்தாள். நமக்கு அடிவயிறு கலங்கிற்று. இம்முறை வாங்குமுன் கணக்கிட்டோம்.

சுமையோடு நடக்கும் வீரன் மணிக்கு ஏறத்தாழ 350 கிலோ கலோரி வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். ஒரு கிலோ பனிக்கட்டி உருகும்போது 80 கிலோ கலோரியை உறிஞ்சும். உருகிய நீர் சூடேறுவதையும் சேர்த்தால் இன்னும் சிறிது. ஆக இருபது நிமிடத்துக்குள் குளிர்ச்சி முடிந்தது. அதன்பின் அவன் சுமப்பது வெறும் வெந்நீர்ப் பை. அதே ஒரு கிலோவைக் குடிநீராகச் சுமந்து, குடித்து, அது வியர்வையாகித் தோலின்மேல் ஆவியானால் 580 கிலோ கலோரி போகும். ஒன்றரை மணிக்கும் மேல் வரும். தார்ப் பாலைவனத்தின் வறண்ட காற்றில் வியர்வை சொட்டுவதற்குள் ஆவியாகிவிடுகிறது. நம் சென்னைக் கடற்கரைப் புழுக்கத்தில் அது நடவாது. குண்டு துளைக்காத கவசத்துக்குள்ளும், நச்சுவாயுக் காப்புடைக்குள்ளும் நடவாது. அத்தகையோர்க்குத்தான் செயற்கைக் குளிர்ச்சி இன்றியமையாதது. மெல்லிய குழாய்களில் தண்ணீர் ஓடும் உள்ளாடையை இங்கிலாந்தில் பார்ன்பரோவில் 1960-களில் விமானிகளுக்காக உருவாக்கினர்; 1969-இல் சந்திரனில் நடந்தவர்கள் அம்மாதிரி உள்ளாடையைத்தான் அணிந்திருந்தனர். டாங்கியிலும் ஹெலிகாப்டரிலும் உட்கார்ந்திருப்போர் அத்தகையதை வாகனத்தின் எந்திரத்தோடு இணைத்துக்கொள்ளலாம். மணலில் நடப்பவனுக்கு அங்கும் பழைய கேள்விதான்.

இக்கணக்கை ஒரு தாளில் எழுதி இல்லாளிடம் காட்டினோம். அவள் கணக்கைப் பார்க்கவில்லை. தம்பியையே மறுபடி அழைத்து, "உனக்கு என்னடா வேண்டும், நீயே சொல்" என்றாள். மெல்லிய பருத்திப் பனியன் ஆறு, தலையில் கட்ட நனைத்தால் சீக்கிரம் உலராத கதர்த் துண்டு இரண்டு, உப்பும் எலுமிச்சையும் சேர்த்த ஊறுகாய் கொஞ்சம் என்றான். ஊறுகாயைக் கேட்டதும் அவள் முகம் தெளிந்தது.

நேற்று எல்லாவற்றையும் கட்டி நம் அலுவலகத்துக்கே கொண்டுவந்தாள். தராசில் வைத்தோம். 1 கிலோ 850 கிராம். "பனியனும் துண்டும் எத்தனை?" என்று கேட்டாள். பொதியைப் பிரித்து, ஊறுகாய் ஜாடியை வெளியே எடுத்துவைத்து மறுபடி நிறுத்தோம். வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.